ஆறாவது வார்த்தை

ஜலஜலவென்று மாடிப்படி முழுக்க இரும்பு மழை கொட்டியது. கடைசித் துளி ஒன்று 'டிங்' என்று கீழ்ப்படியில் குதித்து, உருண்டு, சாவி வெட்டும் இயந்திரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

கடையில் இருந்த பூட்டுக்காரர் தலையில் கை வைத்தார். வெட்டாத சாவிகள், மொத்தம் முந்நூறு. நேற்று மாலைதான் அவற்றை அளவு பார்த்துப் பிரித்து, தகர டப்பாவில் போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று மாடியில் அலமாரியின் மூன்றாம் தட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

படிக்கட்டின் உச்சியில், தடுப்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் அவருடைய மகள் நின்றிருந்தாள். காலி டப்பா அவள் தலையில் தொப்பியாக ஏறியிருந்தது.

"மூணாவது தட்டு உனக்கு எப்படிம்மா எட்டிச்சு?"

பின்னாலிருந்து அவள் அம்மாதான் சொன்னாள். காதில் மாட்டும் ஹெட்போன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "நாற்காலிய இழுத்துட்டு வந்திருக்கா. அது மேல ஏறி, அங்கிருந்து முதல் தட்டுல கால் வெச்சு... நான் ஒரு வரி டைப் பண்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அடி கிடி பட்டிருக்கா பாருங்க!"

"யாருக்கு, சாவிக்கா?"

"ஏங்க!"

"அவளுக்கு என்ன, முடிசூட்டின மகாராணி மாதிரி நிக்கறா. எனக்குத்தான் இன்னைக்குப் பொழுது முழுக்கப் பொறுக்கற வேலை."

மகாராணிக்கு வயது சரியாக ஒன்றரை. தவழும் காலத்தில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போட்டபடியே வீட்டைச் சுற்றி வந்ததால் வண்டு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோராம் மாதம் எழுந்து நின்றாள். முதல் பிறந்த நாளுக்கு நடந்தாள். இப்போது ஓடுகிறாள், ஏறுகிறாள், கரண்டியைத் தானே பிடித்துச் சாப்பிடுகிறாள். பாதி வாய்க்கும் மீதி காதுக்கும் போகிறது. எந்தப் பூட்டைக் கண்டாலும் சாவியைத் துவாரத்தில் சரியாக நுழைக்கிறாள்.

பேச்சு மட்டும் வரவில்லை.

இன்று பதினோரு மணிக்கு, வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதிக்கும் நர்ஸ் வருகிறார். அதனால்தான் அம்மா காலையிலிருந்து வேலைக்கு நடுவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு வந்தபோதே நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "ஒன்றரை வயசுல ஆறு வார்த்தையாவது வரணும். வரலைன்னா காதையும் பேச்சையும் பெரிய ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணிடலாம்." அன்றிலிருந்து அம்மா தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாள். படப் புத்தகம் வாங்கினாள். தன் மூக்கைத் தொட்டு, "அம்மா. சொல்லு, அம்...மா" என்றாள். வண்டு அந்த மூக்கைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான் பாடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் பிழைப்பே வார்த்தைகளை வைத்துத்தான். மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் ஹெட்போனில் கேட்டு டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். வார்த்தை புரியாவிட்டால் காலடியில் இருக்கும் மிதியை அழுத்துவாள். பதிவு இரண்டு நொடி பின்னால் போகும். "மறுபடி" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே அழுத்துவாள். சளி பிடித்த டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர் என்று யார் பேசினாலும் அவளுக்குப் புரியும். பெற்ற பெண்ணின் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. 'ஏங் ஏங்' என்று சிணுங்குவதோடு சரி.

போதாக்குறைக்கு, இரண்டு மாதமாகக் கணவரின் காதிலும் ஏதோ கோளாறு.

"கூப்பிட்டியா?" என்று மாடி ஏறி வருவார்.

அவள் ஹெட்போனைக் கழற்றுவாள். "இல்லையே."

"ஏங்கன்னு கூப்பிட்டியே?"

"நான் எதுக்குக் கூப்பிடறேன்? அரை மணி நேரமா ஒருத்தரோட சிறுநீரகக் கல்லோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

அவர் காதைக் குடைந்துகொண்டே இறங்கிப் போவார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் நாலு தடவை. முதலில் பிஸ்கட் டப்பாவுக்காகத்தான் சாக்குச் சொல்லி ஏறி வருகிறார் என்று நினைத்தாள். பிறகுதான் அவரே ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மெஷின் சத்தத்துல காது போயிடுச்சுன்னு நினைக்கிறேன். இல்லாத சத்தம் எல்லாம் கேக்குது."

அன்றிலிருந்து அவள் மனசு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அப்பாவுக்குக் காது. மகளுக்குப் பேச்சு. ரத்தத்தில் வருகிற சமாச்சாரமாக இருந்தால்?

பத்தரைக்குக் கணவரின் அக்கா வந்து சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நர்ஸ் வருகிற அன்று குடும்பத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

"வாங்க அண்ணி" என்றாள் அம்மா.

"வரேன், வரேன். படியில என்ன, கால் வைக்கிற இடமெல்லாம் சாவியா இருக்கு? நான் விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அந்த நர்ஸ் எனக்கும் பாக்குமா?" அண்ணி சோபாவில் உட்கார்ந்து வண்டுவை மடியில் இழுத்துக்கொண்டார். "என் பையன் இந்த வயசுல எதிர்வீட்டு வாடகை முதக்கொண்டு பேசுவான்."

"இப்ப அவன் வாயத் திறக்கறதே இல்லையேக்கா" என்றார் தம்பி, படியில் குனிந்து சாவி பொறுக்கியபடி.

"பேசி முடிச்சுட்டான். நீ காதைக் காட்டினியா இல்லையா?"

"இன்னும் இல்ல."

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, உங்க குடும்பத்துல யாருக்காவது காது மந்தம்..."

"எங்க குடும்பத்துலயா? நாலு வீடு தள்ளிக் கிசுகிசுன்னு பேசினா எனக்குக் கேக்கும். உங்க பக்கம் விசாரிச்சுப் பாரு."

நல்ல வேளையாக அழைப்பு மணி அடித்தது.

நர்ஸ் ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தார். தோளில் பெரிய பை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மரக்கட்டைகளை எடுத்துப் போட்டார். "மூணு அடுக்கினா போதும்" என்றார். வண்டு ஐந்து அடுக்கினாள். ஆறாவதை நர்ஸின் பைக்குள் போட்டு, பையை மூடி, "டொக்" என்றாள்.

"பந்தை அத்தைகிட்ட குடு பாக்கலாம்."

பந்து அண்ணியின் நெற்றியில் போய் விழுந்தது.

"குடுத்துட்டா" என்று நர்ஸ் படிவத்தில் குறித்துக்கொண்டார்.

"இது குடுக்கறதா?" என்றார் அண்ணி, நெற்றியைத் தடவிக்கொண்டே.

"சொன்னது புரிஞ்சுது, ஆள் அடையாளம் தெரிஞ்சுது. அது போதும். மூக்கு எங்க? காது எங்க? கெட்டிக்காரி! கிறுக்கு பாக்கலாம்... ஐயோ, பேப்பர்ல கிறுக்கும்மா, பாவாடையில இல்ல." வரிசையாக டிக் விழுந்தது. பிறகு பேனா ஒரு கட்டத்தில் நின்றது. "வார்த்தை?"

அப்பா பொறுக்கிய சாவிகளைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றார்.

"இல்லீங்க சிஸ்டர்" என்றாள் அம்மா.

"அம்மா? அப்பா?"

"இல்ல." அவள் குனிந்து மகளின் கன்னத்தைப் பிடித்தாள். "வண்டு, சொல்லும்மா. அம்...மா. ஒரே ஒரு தடவை. அம்...மா."

வண்டு அந்த உதடுகளைச் சுவாரசியமாகப் பார்த்தாள். விரலை விட்டு உள்ளே பல் எத்தனை என்று சோதித்தாள்.

நர்ஸ் பையிலிருந்து நீல நிறச் சீட்டு ஒன்றை எடுத்தார். "பயப்படாதீங்கம்மா. ஒரு டெஸ்ட்தான். சில பிள்ளைங்க லேட்டாத்தான் ஆரம்பிக்கும். ஆனா அப்படி நினைச்சு நாம சும்மா இருந்துடக் கூடாது இல்லையா?"

"இல்லீங்க, நீங்க எழுதுங்க" என்றாள் அம்மா. குரல் சரியாகத்தான் வந்தது. கண்தான் காட்டிக்கொடுத்தது.

கீழே கடை மணி கணகணத்தது. வேன் ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர் உடைந்த பூட்டோடு வந்திருந்தார். அப்பா இறங்கிப் போனார். நர்ஸ் சீட்டில் தேதி போட்டார். பெரியவர்கள் மூவரும் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டு எழுந்து, தடுப்புக் கதவருகே போய், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றை எக்கினாள்.

"ஏ...ங்க!"

"இதோ வந்துட்டேன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. படியில் தடதடவென்று காலடி. அப்பா மூச்சிரைக்க வந்து நின்றார். "என்ன, கூப்பிட்டியா?"

"நான் வாயே திறக்கலையே" என்றாள் அம்மா.

"பாத்தீங்களா சிஸ்டர்? என் காது போயிடுச்சு. எனக்கும் ஒரு நீலச் சீட்டு எழுதிடுங்க."

நர்ஸின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. கதவருகே நின்ற வண்டுவைப் பார்த்தார். "சார், திரும்பக் கீழ போங்க."

"இப்பத்தானே வந்தேன்?"

"போங்க. யாரும் பேசக் கூடாது."

அவர் இறங்கிப் போனார். நர்ஸ் உதட்டில் விரல் வைத்தார். அண்ணி மூச்சையே பிடித்துக்கொண்டார். வண்டு ஒரு தடவை எல்லாரையும் திரும்பிப் பார்த்துவிட்டு, கம்பிக்கு நடுவே முகத்தை நுழைத்தாள்.

"ஏ...ங்க!"

அம்மா வைக்கிற அதே இழுப்பு. முடிவில் அதே சின்னக் கோபம்கூட இருந்தது.

"வந்துட்டேம்மா, வந்துட்டேன்! ஒரு மனுஷன வேலை பாக்க விடு!"

அண்ணிதான் முதலில் வெடித்தார். "அடிப்பாவி! பெத்த அப்பனை 'ஏங்க'ன்னு கூப்பிடறாளே! இவளுக்கு இவன் அப்பனா, புருஷனா?"

அப்பா படியின் நடுவிலேயே நின்றுவிட்டார். அவருக்கு முழுசாகப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப... என் காது நல்லாத்தான் இருக்கா?"

"உங்க காது முதல் தரம் சார். ரெண்டு மாசமா இந்த வீட்ல அது ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு."

அம்மா கழுத்தில் தொங்கிய ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தாள். "நான் சிணுங்கறான்னு நினைச்சேனே சிஸ்டர். ஏங், ஏங்னு..."

"நீங்க அவரை என்னன்னு கூப்பிடறீங்க?"

"ஏங்கன்னுதான்."

"நீங்க கூப்பிட்டா அவர் வராரு. அதனால அவர் பேரு அதுன்னு பாப்பா முடிவு பண்ணிட்டா. ஒரே ஆளுக்கு ஒரே சொல்லை மாத்தாம சொன்னா அது வார்த்தைதாம்மா. அப்பான்னுதான் சொல்லணும்னு இந்தப் படிவத்துல எங்கயும் போடல." நர்ஸ் நீலச் சீட்டை ஓரமாக நகர்த்தினார். முழங்காலில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு ஆச்சு. இவ ஊமைச்சி இல்ல. நீங்க சொல்லிக்குடுத்தத விட்டுட்டு, காதுல விழுந்தத எல்லாம் பொறுக்கி வெச்சிருக்கா. யோசிங்க. வேற என்ன சத்தம் போடுவா?"

அடுத்த பத்து நிமிஷம் அந்த வீடு சந்தைக்கடையாக இருந்தது.

"இப்ப பையை மூடறப்ப 'டொக்'குன்னாளே!" என்றார் அண்ணி. "கதவு மூடினாலும் அதான்."

"ரெண்டு."

"சீப்பு, செருப்பு, எதைக் காதுல வெச்சாலும் 'அலோ' சொல்லுவா" என்றார் அப்பா.

"மூணு."

"நான் சாவிய வெட்டி முடிச்சு வாடிக்கையாளர் கையில குடுக்கறப்ப ரெடின்னு சொல்லுவேன். மத்தியானம் ரெண்டு மணி நேரம் என்கூடக் கடையிலதான் இருப்பா. சாப்பிட்டு முடிச்சதும் தட்டைத் தூக்கிப் போட்டுட்டு 'யெடி'ங்கறா."

"நாலு. தட்டு உடைஞ்சாலும் நாலுதான்."

அம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். "தூக்கிச் சுத்தி விட்டா 'மப்பி'ன்னு ஒண்ணு சொல்லுவா. நான்... மம்மின்னு சொல்ல வராளோன்னு சந்தோஷப்பட்டேன்."

"சுத்துங்க பாக்கலாம்."

அப்பா வண்டுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். அவள் தள்ளாடி நின்று, கையைத் தூக்கி, "மப்பி!" என்றாள். தூக்கவில்லை என்றதும் வலது காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். "மப்பி!"

அந்த மிதியைப் பார்த்ததும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "மறுபடி! ஐயோ, மறுபடி! நான் வேலையில சொல்றது!" சிரித்தாள். சிரிப்பின் நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு" என்றார் நர்ஸ்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தைக்கடை அடங்கியது. அண்ணி விட்டத்தைப் பார்த்தார். அப்பா தாடையைச் சொறிந்தார். ஆறாவது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா மகளின் பாவாடையில் இருந்த கிறுக்கலை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல்தான் கேட்டாள். "அப்பாவுக்குப் பேர் வெச்சிருக்கா. கதவுக்கு வெச்சிருக்கா. செருப்புக்குக்கூட ஒரு வார்த்தை இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?"

நர்ஸ் வண்டுவைத் தன் பக்கம் திருப்பினார். அம்மாவை நோக்கி விரல் நீட்டினார். "பாப்பா, இது யாரு?"

வண்டு விரலைப் பார்த்தாள். விரல் காட்டிய இடத்தைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்கக் கூடாதா என்பது போல முகம் மலர்ந்தது. ஓடிப் போய் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கை வைத்து, தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"மேயிதம்."

"என்ன?"

"மேயிதம்!" இந்த முறை மூக்கோடு மூக்கு இடித்துச் சொன்னாள்.

"மேடமா?" என்றார் நர்ஸ். "உங்களை யாராவது மேடம்னு கூப்பிடறாங்களா?"

"என்னையா? இந்த வீட்லயா?"

"மெய்தான்னு சொல்றாளோ?" என்றார் அண்ணி.

வாசலில் பூட்டுக்காரரின் காது மடல்கள் சிவந்துகொண்டிருந்தன. "நான் கீழ போறேன். பாவம், அந்த வேன்காரர் ரொம்ப நேரமா நிக்கறாரு."

"நில்லுங்க சார். இந்த வார்த்தை எங்கிருந்து வந்துதுன்னு உங்களுக்குத் தெரியும்போல இருக்கே?"

"எனக்கா? எனக்கு எப்படித் தெரியும்? குழந்தை ஏதோ..."

"ஏதோன்னு சொன்னா நான் எழுத முடியாது. என்ன சொல், என்ன அர்த்தம்னு தெரிஞ்சாத்தான் ஒரு டிக். இல்லைன்னா அஞ்சோட நிக்குது." நர்ஸ் ஓரமாகக் கிடந்த நீலச் சீட்டைத் தொட்டார்.

"ஏங்க, தெரிஞ்சா சொல்லுங்களேன்!" என்றாள் அம்மா. மகள் இன்னும் அவள் கன்னத்தை விடவில்லை. "எனக்கு அவ வெச்ச பேருங்க!"

"அது... நல்ல வார்த்தைதான்" என்றார் அவர். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியிருந்தது. "மரியாதையான வார்த்தை. கடையில நாலு பேரோட பேசறப்ப, சும்மா ஒரு பேச்சுக்கு... அதை எப்படிச் சொல்றதுன்னா..."

"தம்பி, மென்னு முழுங்காத!" என்றார் அண்ணி.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அந்த நேரம் பார்த்துத்தான் மாடிப்படிக்குக் கீழேயிருந்து வேன்காரர் பொறுமை இழந்து குரல் கொடுத்தார்:

"என்னண்ணே, பூட்டை இன்னைக்கே தர முடியுமா, மேலிடத்துல கேட்டு வந்து சொல்றேன்னு போனீங்களே, மேலிடம் இன்னுமா உத்தரவு குடுக்கல?"